கிழக்குப் புதரில் கை வைக்காதீர்கள்

எங்கள் பூங்காவைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும், அழகுபடுத்தும் பணிக்குத் திட்டம் போட்டவர்களுக்கும்,

போன வாரம் தெற்கு வாசலில் ஒரு புதுப் பலகை மாட்டியிருந்தது. "பூங்கா அழகுபடுத்தும் பணி, இரண்டாம் கட்டம்" என்று தலைப்பு. கீழே நான்கு வரி. கிழக்கு மதிலோர முட்புதர்கள் அகற்றப்பட்டுப் புல்தரை அமைக்கப்படும். மரங்களைச் சுற்றி மேடை கட்டப்படும். மரங்களில் அலங்கார விளக்குகள் பொருத்தப்படும். பட்டுப்போன மரங்கள் அப்புறப்படுத்தப்படும். வேலை அக்டோபரில் தொடங்குமாம். அந்தப் பலகையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த முதல் கட்டத்தைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். இரண்டாவதையும் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பூங்காவின் பெயரையும் உங்கள் அலுவலகத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் முதலில் விசாரணைக்கு நிற்பது தினக்கூலிக்கு வேலை செய்யும் தோட்டத் தொழிலாளர்கள்தான். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, சொன்னதைச் செய்கிறார்கள். சொன்னவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டும். எந்தப் பூங்கா என்பது புதுச்சேரியில் உட்கார்ந்து பலகை எழுதிய உங்களுக்குத் தெரியும்.

நான் பஞ்சாலையில் தறி ஓட்டியவன். 1993-ல் என்னை ராத்திரி ஷிப்டில் போட்டார்கள். விடிந்து வெளியே வந்தால் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் தூக்கம் வராது. அதனால் பூங்காவுக்குள் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவேன். தறிக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரிசையாக எல்லாத் தறியும் ஓடும்போது எதில் நூல் அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அந்தக் காதோடு மரத்தடியில் உட்கார்ந்தவனுக்கு ஒவ்வொரு குரலாகப் பிரிந்து கேட்க ஆரம்பித்தது. செம்பு தட்டுவது மாதிரி ஒரே சீராக 'டொங் டொங்' என்று கேட்டது என்னவென்று தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று மாதம் ஆனது. செம்மார்புக் குக்குறுவான், சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பறவை. பக்கத்து வீட்டு வாத்தியார் ஒரு பறவைப் புத்தகம் கொடுத்தார். அப்புறம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதத் தொடங்கினேன். இப்போது ஏழு நோட்டு சேர்ந்திருக்கிறது. ஆலை மூடியாகிவிட்டது, நோட்டு மூடவில்லை. இங்கே நான் பார்த்ததாகச் சொல்வதெல்லாம் அந்த நோட்டுகளில் இருக்கிறது.

முதலில் கிழக்குப் புதர். நீங்கள் 'முட்புதர்' என்று எழுதியிருக்கும் இடத்தில் சூரை இருக்கிறது, காரை இருக்கிறது, நொச்சியும் ஆவாரையும் இருக்கின்றன. மதில் மேல் ஆடுதின்னாப்பாளை படர்ந்திருக்கிறது. சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமாகப் பறக்குமே ஒரு பட்டாம்பூச்சி, அதன் புழு இந்தக் கொடி வகையைத் தவிர வேறு எதையும் தின்னாது. புதருக்கு மேலே இரண்டு இலுப்பையும் ஒரு பெரிய வேம்பும் நிற்கின்றன. கீழே, யாரும் பெருக்காமல் விட்டதால், பல வருடத்துச் சருகு. கையை விட்டுப் பாருங்கள், மணிக்கட்டு வரை உள்ளே போகும். மேலே மொறுமொறுவென்று இருக்கும், அதற்குக் கீழே பாதி மக்கியது, இன்னும் கீழே கறுப்பு மண். சித்திரை வெயிலில் பூங்கா முழுக்கத் தரை வெடித்துக் கிடக்கும்போது அந்த ஒரு இடத்தில் மண் ஈரமாக இருக்கும்.

அந்தச் சருகை நம்பி ஒரு பறவை வருகிறது. பொன்னுத்தொட்டான் என்று பெயர். பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணை ஒட்டி மை தீட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. காலையில் ஆறு மணி வாக்கிலும் சாயங்காலம் ஆறு மணி வாக்கிலும் கூப்பிடும் என்பதால் ஆறுமணிக் குருவி என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கும் முன் தெற்கே கிளம்பி நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. பறப்பது பெரும்பாலும் ராத்திரியில். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் சமயத்தில் ஒரு விடிகாலை அந்தக் கிழக்குப் புதருக்குள் அதன் குரல் கேட்கும். என் நோட்டில் பெரும்பாலான ஆண்டுகளில் அக்டோபர் மாதத்தில் அந்தப் பெயர் இருக்கிறது.

ஒரு வருடம் அது மதிலோரம் விழுந்து கிடந்தது. பூனை பார்ப்பதற்கு முன் நான் பார்த்துவிட்டேன். தோளில் கிடந்த துண்டால் மூடி எடுத்தேன். எடை என்று ஒன்றும் இல்லை, நெஞ்செலும்பு கையில் குத்தியது. அத்தனை தூரம் பறந்து உடம்பில் இருந்த கொழுப்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. இதயம் மட்டும் துண்டுக்குள் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. புதருக்கு அடியில் சருகின் மேல் விட்டுவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் அசையவில்லை. பிறகு எழுந்து நின்றது. அலகால் ஒரு இலையைப் புரட்டித் தள்ளியது. இன்னொரு இலை. அதற்கடியில் இருந்த மண்புழுவை இழுத்து விழுங்கியது. அன்று வீட்டுக்குப் போகும்போது மணி பத்தரை ஆகிவிட்டது. அந்தப் பறவைக்குச் சாப்பிடத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இலையைப் புரட்டி அடியில் இருப்பதைத் தின்ன வேண்டும். புல்தரையில் புரட்ட என்ன இருக்கிறது?

இதை ஊகத்தில் சொல்லவில்லை. மேற்குப் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு புதர் இருந்தது. முதல் கட்டத்தில் ஜேசிபி விட்டு வழித்துவிட்டு, புல் பாய் விரித்து, நடுவே சிமெண்டில் இரண்டு மான் செய்து வைத்தீர்கள். அதற்கு முன் வந்த அக்டோபர்களில் அந்தப் பறவையை நான் மேற்கிலும் பார்த்திருக்கிறேன், கிழக்கிலும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு மேற்கில் பார்த்தது ஒரே ஒரு முறை. புல்தரை நடுவே எங்கே போவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. நான் கிட்டே போவதற்குள் நான்கைந்து காக்கைகள் சேர்ந்து விரட்டிவிட்டன. இப்போது கிழக்கிலும் கை வைத்தால் அதற்கு இந்தப் பூங்காவில் இடமே கிடையாது. நீங்கள் வேலை தொடங்கும் அக்டோபர்தான் அது வந்து இறங்கும் மாதம்.

சருகு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பெருக்கும் அம்மா ஒருவர் என்னைவிட முன்னதாக, ஐந்து மணிக்கே வந்துவிடுவார். வேப்ப மரத்தடியைக் கூடவா பெருக்க வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன். "என்னா பண்றது ஐயா, எட்டு மணிக்குள்ள தரையில ஒரு இலை இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இருந்தா போட்டோ புடிச்சு குரூப்ல போடுறாங்க" என்றார். அவருக்கு இடுப்பு வலி. மாசி, பங்குனியில் இலை உதிரும்போது ஒரு நாளைக்கு முப்பது கூடை அள்ளுகிறார். அந்தக் கூடையெல்லாம் பின்பக்க மதிலுக்குப் போய், அங்கே எரிகிறது. பொதுவெளியில் கழிவை எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஒரு பக்கம் சருகை எரித்துவிட்டு இன்னொரு பக்கம் உர மூட்டை இறக்குகிறீர்கள். மரம் தனக்கென்று போட்டுக்கொள்ளும் உரம் அது. மரத்தடியிலேயே விட்டால் அந்த அம்மாவின் இடுப்பும் பிழைக்கும்.

அடுத்தது பட்ட மரம். இதை எழுதும்போது எனக்குக் கை நிதானத்தில் இல்லை.

குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாகை நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் நமக்கும் நடுவே கரை ஏறியபோது அதன் உச்சி முறிந்தது. அடுத்த நாலைந்து வருடத்தில் மெல்ல மெல்லப் பட்டுப்போனது. பட்டுப்போன பிறகுதான் அதில் குடித்தனம் தொடங்கியது. முதலில் பொன்முதுகு மரங்கொத்தி வந்து ஒரு பொந்து கொத்தியது. அது குஞ்சு பொரித்துப் போனதும் மைனா வந்தது. மைனாவோடு கிளி சண்டை போட்டு ஒரு வருடம் பிடித்துக்கொண்டது. மெலிந்த கிளை ஒன்றில் குக்குறுவான் வட்டமாக ஓட்டை போட்டது. கடைசி ஐந்து ஆண்டுகளாகப் பெரிய பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி ஒன்று இருந்தது. கிளிக்கும் மைனாவுக்கும் ஆந்தைக்கும் தானாகப் பொந்து கொத்தத் தெரியாது. மரங்கொத்தி கொத்தி விட்டதிலோ, மரம் உளுத்ததிலோதான் குடியிருக்க முடியும். பச்சை மரத்தைக் கொத்துவதை விடப் பட்ட மரத்தைக் கொத்துவது மரங்கொத்திக்குச் சுலபம். ஒரு பட்ட மரம் போனால் வரிசையாக இத்தனை பேருக்கும் வீடு போகிறது.

இந்த மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற வழியில் மெஷின் ரம்பத்தின் சத்தம் கேட்டு உள்ளே ஓடினோம். பாதி அறுத்துவிட்டார்கள். "பொந்துக்குள்ள ஆந்தை குஞ்சு வச்சிருக்குப்பா, ரெண்டு வாரம் பொறுங்க" என்று கத்தினேன். "பட்ட மரம்தானே தாத்தா, இன்னிக்குள்ள எடுக்கணும்னு ஆர்டர்" என்றார் அந்தப் பையன். மரம் விழுந்தது. பொந்து இருந்த இடத்தில் பிளந்துகொண்டது. மூன்று குஞ்சு. இரண்டு அங்கேயே போய்விட்டன. மூன்றாவது பஞ்சுத் திரி போல வெள்ளை ரோமத்தோடு மரத்தூளுக்குள் கிடந்தது. மஞ்சள் கண்ணைத் திறந்து எங்களையே பார்த்தது. பேத்தி சாப்பாட்டுப் பையில் இருந்த டப்பாவை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பைக்குள் தன் கைக்குட்டையை விரித்து அதை வைத்துக்கொண்டாள். வனத்துறைக்குச் சொன்னோம், வந்து வாங்கிச் சென்றார்கள். அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. தாய் ஆந்தை மூன்று நாள் சாயங்காலம் அந்த இடத்துக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. நான்காம் நாள் வரவில்லை. அதற்குப் பிறகு குளத்துப் பக்கம் ஆந்தைக் குரல் என் நோட்டில் இல்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அதற்குள் அடங்கும். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மரம் வெட்ட உத்தரவு போடுவதற்கு முன் ஒரு ஆளை அனுப்பி அண்ணாந்து பார்க்கச் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும். பாதையில் போகிறவர்கள் தலையில் கிளை விழுந்துவிடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. அதற்குப் பாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, அடிமரத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கவிட்டு, சுற்றி ஒரு கயிறு கட்டினால் ஆபத்து தீர்ந்தது. பொந்தும் பிழைத்திருக்கும்.

2007-ல் புதுச்சேரிக்கென்று நான்கு அடையாளங்களை அரசு அறிவித்தது. பறவை குயில், விலங்கு அணில், மரம் வில்வம், பூ நாகலிங்கம். நான்குக்கும் இந்த ஒரு பூங்காவில் இடம் இருக்கிறது. முதல் கட்டத்தில் நான்குக்கும் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டை இடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காக்கை கூடு கட்டும் கோடையில்தான் குயிலும் முட்டையிடுகிறது. நீங்கள் கிளை கழிக்க எடுத்துக்கொண்ட மாதம் மே. ஒரே நாளில் ஏழு காக்கைக் கூடு கீழே கிடந்ததை எண்ணினேன். காக்கைக் கூடுதானே என்று யாரும் கவலைப்படவில்லை. அதில் ஒன்றில் இருந்தது குயில் குஞ்சு. அணில் விளக்கு ஒயரைக் கடித்துச் செத்துக் கிடந்தது ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நாகலிங்கத்துக்குப் பூ கிளையில் வராது, அடிமரத்தில் இருந்து நேராகக் குலை தள்ளிப் பூக்கும். அந்த அடிமரத்தைச் சுற்றித்தான் கழுத்து வரை சீரியல் லைட்டைச் சுற்றி ஆணி அடித்திருக்கிறீர்கள். பூக்காம்புகள் ஒயருக்குள் நசுங்கிக் கிடக்கின்றன. விடியற்காலையில் அந்தப் பூவின் குடைக்கு அடியில் கருவண்டு புகுந்து மகரந்தத்தை முதுகில் பூசிக்கொண்டு வெளியே வருவதை என் பேத்தி மணிக்கணக்கில் பார்ப்பாள். இப்போது பார்க்கப் போனால் ஒயர்தான் இருக்கிறது.

வில்வம் கதை வேறு. வில்வ வனமாக இருந்ததால்தான் வில்லியனூருக்கு அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் பாட்டி சொல்வார். பூங்காவில் இருக்கும் மூன்று வில்வத்தின் இலையையும் புழு தின்கிறது என்று மருந்தடித்தார்கள். அந்தப் புழு எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக இருக்கும், வளர்ந்தால் தளிர் நிறத்துக்கு மாறிவிடும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் என்று அந்தக் குடும்பத்து இலையைத்தான் தின்னும். தின்றால் மரம் சாகாது, இரண்டு வாரத்தில் மறுபடி தளிர்க்கும். மருந்தடித்த மறுநாள் மரத்தடியில் புழுக்கள் சுருண்டு கிடந்தன. அவற்றைத் தின்ன வந்த தையல்சிட்டையும் அந்தப் பக்கம் கொஞ்ச நாள் காணவில்லை. பட்டாம்பூச்சி படம் வரைந்த புதுச் சுவர் ஒன்று மட்டும் அந்த வாரம் திறக்கப்பட்டது.

சிமெண்ட் மேடைகள் பற்றி. மரத்தின் அடியை ஒட்டிப் பேவர் பிளாக் பதித்துவிட்டீர்கள், விரல் நுழைய இடம் இல்லை. வேருக்குக் காற்றும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டது. டெல்லி மரத்துக்குத் தேவைப்படும் மண் புதுச்சேரி மரத்துக்கும் தேவைதானே. அதோடு நாம் குடிக்கும் தண்ணீர் நிலத்தடியில் இருந்து வருகிறது. கடல் பக்கத்தில் இருப்பதால் உப்பு ஏறும் பயமும் கூடவே இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மறுநாள் போய்ப் பார்த்தேன். மேற்கே சிமெண்ட் மான்களுக்குக் கால் வரை தண்ணீர் நின்றது. கிழக்குப் புதருக்குள் செருப்போடு நடந்தேன், ஈரம் இருந்தது, தேக்கம் இல்லை.

புயலைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தானே புயல் வந்துபோன மறுநாள் காலை விழுந்து கிடந்தவற்றை நோட்டில் எழுதினேன். அதிகம் விழுந்தது தூங்குமூஞ்சியும் குல்மொகரும். புன்னையும் பூவரசும் மகிழமும் இலை உதிர்ந்து நின்றன, விழவில்லை. முதல் கட்டத்தில் நீங்கள் வேலியோரம் வரிசையாக நட்டது கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம். குஜராத் அரசு அதை நடக் கூடாது என்று 2023-ல் சொல்லிவிட்டது. அந்த வேலியில் இரண்டு ஆண்டில் ஒரு கூட்டையும் நான் பார்க்கவில்லை. நம் கடற்கரைக்கென்றே ஒரு காடு உண்டு. உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். வீரை, உலக்கைப்பாலை, காயா என்று கோடையிலும் இலை கொட்டாத மரங்கள். புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி அது இன்னும் இருக்கிறது. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது வெறும் செம்மண் மேடாகக் கிடந்த இடத்தில் அதே மரங்களை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கன்றுக்கு வெளியூர் போக வேண்டிய அவசியமே இல்லை.

கேட்பதற்கும் ஆள் இல்லாமல் இல்லை. 1826-லேயே தாவரவியல் பூங்கா கண்ட ஊர் இது. 1955-ல் இருந்து பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இங்கே இருந்துகொண்டு தென்னிந்தியக் காடுகளை வரைபடமாக்கி வருகிறது. பல்கலைக்கழகத்தில் சூழலியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஊசுடு ஏரியை 2008-ல் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்ததும் இதே புதுச்சேரி அரசுதான். ஏரியில் இருக்கும் பறவையைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு ஊர் நடுவே இருக்கும் பறவையையும் தெரியும். திட்டம் போடும்போது இவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டீர்களா?

புதரில் பாம்பு இருக்கிறது என்று நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் மனு கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மை, இருக்கிறது. நான் பார்த்ததெல்லாம் சாரை. அது எலிக்காக வருகிறது. எலி எதற்காக வருகிறது என்றால், சிற்றுண்டிக் கடைக்குப் பின்னால் மூடி இல்லாமல் நிற்கும் குப்பைத் தொட்டிக்காக. தொட்டிக்கு மூடி போடுங்கள். பெண்கள் சாயங்காலம் அந்தப் பக்கம் தனியாக நடக்கப் பயப்படுகிறார்கள் என்பதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மருமகளே சொல்கிறாள். அதற்குப் பாதையை ஒட்டி இரண்டு அடிக்குப் புதரைக் கழியுங்கள், இடுப்பளவு வேலி போடுங்கள், பாதையில் மட்டும் விழுகிற மாதிரி தாழ்வான விளக்கு வையுங்கள், ஒரு காவலாளியைப் போடுங்கள். பயம் போவதற்குப் புதர் முழுவதும் போக வேண்டியதில்லை.

விளக்கு என்றதும் அந்த இரண்டு இலுப்பை ஞாபகத்துக்கு வருகிறது. இலுப்பைப் பூ ராத்திரியில் விரிந்து விடியும்போது கொட்டிவிடும். அதைத் தேடி வருவது வௌவால். மரத்துக்கு மரம் போய் மகரந்தத்தைச் சேர்ப்பதும் அதுதான். அந்த மரத்தில் பச்சை விளக்கும் ஊதா விளக்கும் விடிய விடிய எரிந்தால் வௌவால் வராது. பலகையில் இருக்கும் 'அலங்கார விளக்குகள்' என்ற இரண்டு சொல்லுக்கு அங்கே இதுதான் அர்த்தம்.

இனி நான் கேட்பவை. பலகையில் உள்ள வேலையை உடனே நிறுத்தி வையுங்கள். ஊர்க்காரர்களும் மேலே சொன்ன நிறுவனங்களில் இருந்து ஒருவரும் பூங்காவைச் சுற்றிப் பார்த்து, எந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகு திட்டத்தை மறுபடி போடுங்கள். கிழக்குப் புதரை, அதன் சருகோடு, அப்படியே விடுங்கள். "இங்கே பெருக்க வேண்டாம்" என்று ஒரு பலகை வையுங்கள், அந்த அம்மாவுக்கும் அதைச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் அள்ளும் இலையை எரிக்காமல் பூங்காவுக்குள்ளேயே குழி வெட்டி மக்க விடுங்கள். பொந்து உள்ள பட்ட மரம் எதையும், வனத்துறை ஆள் வந்து பார்த்து எழுதித் தராமல் வெட்டக் கூடாது. ஆபத்தைத் தவிர்க்கத் தேவைப்படாத கிளை கழிப்பு எதுவும் பிப்ரவரியில் இருந்து ஆகஸ்ட் வரை வேண்டாம்.

ஏற்கெனவே பதித்த பேவர் பிளாக்கை ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டருக்கு எடுத்துவிடுங்கள். நாகலிங்கத்தில் சுற்றிய ஒயரையும் ஆணியையும் இந்த மாதமே எடுக்க வேண்டும், அதற்கு ஒரு பைசா செலவில்லை. வில்வத்துக்கு மருந்தடிப்பதை நிறுத்துங்கள். மேற்கே புல்தரையில் பாதியையாவது புதருக்குத் திருப்பிக் கொடுங்கள். நொச்சியும் காரையும் சூரையும் நட்டால் போதும், மீதியைப் பறவைகளே எச்சத்தில் கொண்டு வந்து போட்டுவிடும். கோனோகார்பஸ் வேலி இருக்கும் இடத்தில் புன்னையும் காயாவும் வையுங்கள். இந்த வேலைக்கு எவ்வளவு செலவு, யார் ஒப்புதல் கொடுத்தது என்பதை வாசல் பலகையில் எழுதுங்கள்.

இந்த மடலுக்குச் செப்டம்பர் முடிவதற்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதோடு, அக்டோபரில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குத் தெற்கு வாசலுக்கு வாருங்கள். உங்களில் யார் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறாரோ அவரே வர வேண்டும். நான் ஏழு நோட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆறு மணி வரை கிழக்குப் புதருக்குப் பக்கத்தில் பேசாமல் உட்காருவோம்.

இப்படிக்கு,
1993 முதல் தினமும் உங்கள் தெற்கு வாசல் வழியாக வருபவன்
புதுச்சேரி